ஜீன் ஹார்லோ படத்தில் யார் கையெழுத்து?

2021 பிப்ரவரி 6

பதினொரு வருடமாக மேசைக்கு எதிரே மாட்டியிருந்த பழைய ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோவின் படத்தை நேற்று ஃப்ரேமிலிருந்து கழற்றினேன். எட்டுக்குப் பத்து அங்குலக் கறுப்பு வெள்ளைப் படம். கீழே வலப்பக்கம் யாரோ ஒரு பெண்ணுக்கு அன்புடன் என்று எழுதி, ஜீன் ஹார்லோ என்று கையெழுத்து. மைப்பேனா மை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மை படத்தின் பளபளப்புக்கு மேலே உட்கார்ந்திருப்பது தெரிகிறது, கோடு வளைகிற இடங்களில் கொஞ்சம் தேங்கியும் இருக்கிறது. அச்சு இல்லை, ரப்பர் ஸ்டாம்பும் இல்லை. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை.

இதைக் கையெழுத்துச் சேகரிப்பில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவருக்குப் போனில் அனுப்பினேன். ஐந்து விநாடிதான். "அம்மா போட்டது" என்று பதில் வந்தது.

என் வாதம் இதுதான். மை அந்தக் காலத்து மை, தாள் அந்தக் காலத்துத் தாள், ரசிகைக்கு முறையாக அனுப்பி வைக்கப்பட்ட படம். இதை எப்படிப் போலி என்பது?

2021 பிப்ரவரி 6, இரவு

எழுதியதைத் திரும்பப் படித்தேன். போலி என்று அவர் சொல்லவே இல்லை. அந்த வார்த்தையை நான்தான் நுழைத்திருக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு.

2021 பிப்ரவரி 9

மூன்று நாள் யோசித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹார்லோவின் ரசிகர் கடிதங்களுக்கு அவருடைய அம்மா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார் என்பது ரகசியம் இல்லை. பழைய சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். ஹார்லோ பெயரில் சுற்றும் படங்களில் அம்மா கைவண்ணம் ஏராளம், மகள் போட்டது குறைவு. மகள் இறந்தது 1937 ஜூன் 7, வயது 26. நட்சத்திரமாக இருந்ததே ஏழெட்டு வருடம். அதற்குள் எத்தனை படத்தில் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்?

இந்தக் கேள்வியை எல்லா நட்சத்திரங்களுக்கும் கேட்டுப் பார்க்க வேண்டும். நடிகை கிளாரா போவுக்கு 1929 ஜனவரியில் மட்டும் 45,000-க்கும் மேல் கடிதம் வந்ததாகச் சொல்வார்கள். நாளுக்கு 1,450 என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டு, மை காயத் தள்ளி வைக்கப் பத்து விநாடி. தினமும் நான்கு மணி நேரம் போய்விடும். கடிதத்தைப் பிரித்துப் படிப்பது இதில் சேராது. நடிக்கப் போவது எப்போது?

அதனால்தான் ஸ்டூடியோக்கள் ரசிகர் கடிதத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தன. அங்கிருந்து வெளியே போனது நான்கு வகை. நெகடிவிலேயே கையெழுத்து பதிந்து அச்சாகி வந்த படம். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது. செயலாளரோ குடும்பத்தாரோ போட்டது. கடைசியாக நட்சத்திரமே போட்டது, சமையலில் குங்குமப்பூ போல. பத்து வருடத்தில் நான் வாங்கியவற்றைக் கொட்டிப் பார்த்தால் முதல் மூன்றுமே நிறைய.

செயலாளர் என்றதும் யாரோ ஒரு குமாஸ்தா என்று நினைத்துவிட வேண்டாம். நடிகர் கிளார்க் கேபிளுக்காக அவருடைய செயலாளர் போட்ட கையெழுத்துகள் அவ்வளவு நேர்த்தி. வருடக்கணக்காக ஒரே பெயரை எழுதி எழுதிப் பழகிய கை அது. நட்சத்திரம் அவசரத்தில் கிறுக்கியிருப்பார், செயலாளர் அழகாக எழுதியிருப்பார். ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படு என்று ஒரு பழைய விதி உண்டு. என் ஹார்லோ ரொம்ப அழகு.

2021 பிப்ரவரி 10

நேற்றைய கணக்கில் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துவிட்டேன். ஞாயிறு விட்டால் தினமும் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும். பாவம்.

2021 பிப்ரவரி 21

அம்மா கையையும் மகள் கையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எந்த எழுத்தின் எந்த வளைவு என்று இங்கே எழுத மாட்டேன். போலி போடுகிறவனும் படிப்பான். ஆனால் வழி சொல்கிறேன். ரசிகருக்குப் போன படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். அம்மா போட்ட பத்துப் படத்தை வரிசையாக வைத்தால் பத்தும் ஒத்துப்போகும், "ஆகா, அசல்" என்று தோன்றிவிடும். நான் பதினொரு வருடம் இருந்தது அந்தக் கிணற்றுக்குள்தான். நட்சத்திரமே போட்டாக வேண்டிய காகிதங்களைத் தேடுங்கள். ஸ்டூடியோ ஒப்பந்தம், வங்கிக் காசோலை, நீதிமன்ற ஆவணம். காசோலையில் செயலாளர் கை வைத்தால் வங்கி விடாது.

நடிகை கிரேட்டா கார்போ ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டதே அபூர்வம். அவர் விஷயத்தில் காசோலையைத் தேடி ஓடுகிற கூட்டம் உண்டு. தனியாக இருக்க விரும்பியவரின் வீட்டுச் செலவுக் கணக்கைக் கண்ணாடி போட்டு மாட்டிவைப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கிடைத்தால் மாட்டுவேன், அது வேறு.

2021 மார்ச் 14

பேனாவை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டவருக்கு.

பால்பாயிண்ட் பேனா அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் 29. நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் கூட்டம் முண்டியடித்து வாங்கியது. நடிகை கரோல் லொம்பார்ட் விமான விபத்தில் இறந்தது 1942 ஜனவரி 16. ஆக, பால்பாயிண்ட்டில் லொம்பார்ட் கையெழுத்து என்று யாராவது நீட்டினால் மேலே படிக்கவே வேண்டாம். 1926-ல் இறந்த வாலன்டினோ, 1930-ல் இறந்த மூத்த லான் சேனி, ஹார்லோ, எல்லோருக்கும் இதே கணக்கு.

மார்க்கர் இன்னும் சுலபம். ஷார்ப்பி என்ற மெல்லிய முனை மார்க்கர் வந்தது 1964. ஹம்ப்ரி போகார்ட் 1957-ல் போய்விட்டார், கேபிள் 1960, கேரி கூப்பர் 1961, மர்லின் மன்றோ 1962. இவர்கள் யாரும் மார்க்கரைத் தொட்டிருக்க முடியாது. ஆனால் மார்க்கரில் போட்ட போகார்டை இரண்டு தடவை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒன்று தங்க நிறத்தில்.

2021 மார்ச் 15

திருத்தம். "மார்க்கரைத் தொட்டிருக்க முடியாது" என்று எழுதியது தப்பு. 1953-லேயே மேஜிக் மார்க்கர் வந்துவிட்டது. குட்டிப் புட்டி மாதிரி இருக்கும், தடித்த முனை, பெட்டி மேல் விலாசம் எழுதுகிற ரகம். அதை வைத்துப் படத்தில் கையெழுத்துப் போட்டால் முகத்தில் பாதி மறைந்துவிடும். பேனா மாதிரி மெல்லிய முனை மார்க்கர் போகார்டுக்குக் கிடைத்திருக்காது என்று மாற்றிப் படிக்கவும். தங்க நிறத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.

2021 மார்ச் 28

தாள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். 1950-களின் நடுவிலிருந்து புகைப்படத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தாள் விளக்குக்குக் கீழே நீலமாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகக் கிடக்கும். 1930-களின் படம் என்று வாங்கியது ஒளிர்ந்தால் அது பின்னால் போட்ட பிரதி. அப்புறம், 1970-களில் பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாள் இருக்கிறதே, அதை விரலாலேயே கண்டுபிடித்துவிடலாம். வழுவழுவென்று, சுருளாமல், தட்டையாக இருக்கும். 1950-களில் இறந்தவர் அதில் கையெழுத்துப் போட ஆவியாகத்தான் வர வேண்டும்.

என் ஹார்லோ ஒளிரவில்லை. சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அம்மாவும் அதே காலத்தில்தானே இருந்தார்.

2021 ஏப்ரல் 2

ஒருவர் நன்றாகவே மடக்கிவிட்டார். அவரிடம் நடிகை லிலியன் கிஷ் படம் ஒன்று இருக்கிறதாம். மௌனப்பட காலத்துத் தோற்றம், தாள் விளக்குக்குக் கீழே பளீரென்று ஒளிர்கிறது, கையெழுத்து மார்க்கரில். என் விதிப்படி குப்பை. ஆனால் கிஷ் இறந்தது 1993-ல். கடைசி வருடங்கள் வரை பழைய படங்களின் பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். தாள் புதிது, மார்க்கர் புதிது, கையெழுத்தும் புதிது, மூன்றும் சரி.

ஆகவே படம் எப்போது எடுத்தது என்பதை விட்டுவிடுங்கள். மை, தாள், அந்த நபரின் வாழ்நாள் மூன்றும் ஒரே காலத்தில் சந்திக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். அப்புறம் ஒளிராத தாள் எல்லாம் பழசு என்றும் இல்லை, பிற்காலத்திலும் வெண்மைப் பொருள் இல்லாத தாள் உண்டு. விளக்கு "இல்லை" என்று சொன்னால் நம்பலாம், "ஆமாம்" என்று அது சொல்வதே இல்லை.

2021 ஜூன் 19

நான் கெடுத்தவற்றின் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவருக்குக் குரூர மனசு. சொல்கிறேன்.

முதலாவது, வெயில். நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் ஜூனியரின் படம், நீல மார்க்கர், ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். நாலு வருடத்தில் கையெழுத்து போன இடம் தெரியவில்லை. தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால் மங்குவது கண்ணில் படவில்லை. விருந்துக்கு வந்த உறவினர் "இதில் என்ன விசேஷம், வெறும் படம்தானே?" என்று கேட்டபோதுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் நேர் வெயிலுக்கு அது பதில் ஆகாது. மார்க்கர் மை சாயம், மைப்பேனாவின் கறுப்பு மையைவிடச் சீக்கிரம் ஓடிவிடும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் உறை. மலிவாகக் கிடைத்தது, மூக்கைத் துளைக்கும் வாசனை வேறு. அந்த வாசனையே எச்சரிக்கை என்று அப்போது தெரியாது. பி.வி.சி. உறை அது. அதிலிருந்து கசிகிற பொருள் மையை இளக்கி எடுத்துவிடும். வருடம் கழித்து உருவினேன். படத்தில் பாதிக் கையெழுத்து, உறையில் மீதி. பாலியஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, இரண்டும்தான் சரி.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படத்தின் பின்னால் வாங்கிய தேதியைப் பால்பாயிண்ட்டில் எழுதினேன். அழுத்தி. திருப்பிப் பார்த்தால் நடிகையின் கன்னத்தில் தேதி புடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி எழுத்தில்.

நான்காவது, ஈரத் துணி. வேண்டாம், அது வேறொரு நாள்.

2021 ஜூன் 20

ஈரத் துணியைப் பற்றி ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். படத்தில் விரல் ரேகை இருந்தது. துடைத்தேன். மைப்பேனா மை தண்ணீரில் கரையும் என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த விஷயம். அவ்வளவுதான், மேலே கேட்காதீர்கள்.

2021 செப்டம்பர் 5

ஆரம்பத்தில் நானும் மற்றவர்கள் மாதிரி பெயர் எழுதாத படத்தையே தேடினேன். "இன்னாருக்கு அன்புடன்" என்று வேறொருவர் பெயர் இருந்தால் ஏதோ அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி. சந்தையிலும் பெயர் இல்லாததற்குத்தான் மவுசு. இப்போது எனக்குப் பெயர் எழுதியதே பிடிக்கிறது. கையெழுத்தை மட்டும் போலி செய்வது சுலபம், ஒரே வடிவத்தை ஆயிரம் தடவை எழுதிப் பழகலாம். இரண்டு வரி வாசகம் எழுதினால் கை எங்காவது காட்டிக்கொடுக்கும்.

நகைச்சுவை ஜோடி ஆலிவர் ஹார்டியும் ஸ்டான் லாரலும் சேர்ந்து போட்ட படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் லாரல்தான் "ஹலோ" போட்டு வாங்குகிறவர் பெயரை எழுதுவார், அப்புறம் தன் கையெழுத்து, பக்கத்தில் ஹார்டி. இரண்டு கை, இரண்டு அழுத்தம், சில சமயம் இரண்டு பேனா. 1947-லும் 1950-களிலும் பிரிட்டனில் மேடை மேடையாகப் போனபோது இப்படி நிறையப் போட்டார்கள். 1957-ல் ஹார்டி போனபிறகு லாரல் மேடை ஏறவில்லை. சான்டா மோனிகாவில் கடல் பார்த்த அடுக்குமாடி வீட்டில் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்து ரசிகர்களுக்குத் தானே பதில் எழுதினார். அவருடைய எண் தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், கூப்பிட்டார்கள், எடுத்துப் பேசினார். 1965-ல் இறக்கும்வரை.

சில பேர் விற்பதற்கு வசதியாக அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். படத்தைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கையெழுத்துக்கு மேலே பளபளப்பு செத்த ஒரு திட்டு தெரியும். அங்கே ஒரு டாரத்தியோ ஒரு ஜானோ இருந்திருப்பார். எனக்கு இது கல்லறையில் பெயரைச் செதுக்கி எடுப்பது போல.

2021 செப்டம்பர் 6

கல்லறை கொஞ்சம் அதிகம். ஆனால் அழிக்கப்போவதில்லை.

2022 ஜனவரி 16

வாழும் நட்சத்திரங்களுக்குக் கடிதம் போட்டு வாங்குவது பற்றி. எனக்கு இதில் ஒரே ஒரு கதைதான் உண்டு.

பல வருடம் முன்பு, தொண்ணூறைத் தாண்டிய ஒரு நடிகைக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். படம் ஒன்றையும் வைத்து அனுப்பினேன். ஆனால் பதில் உறையில் என் விலாசத்தை எழுத மறந்துவிட்டேன், வெறும் உறையாகப் போய்விட்டது. ஏழு மாதம் கழித்து வந்தது. பிரித்தால் நான் அனுப்பிய படம் இல்லை, வேறொரு படம், அதில் அச்சுக் கையெழுத்து. லென்ஸே தேவைப்படவில்லை, எழுத்தும் முகமும் ஒரே பளபளப்பு. எரிச்சலில் உறையைக் கசக்கிப் போட்டேன்.

மூன்று வருடம் கழித்து இன்னொரு சேகரிப்பாளர் அதே நடிகை தனக்குக் கையால் எழுதிய கடிதத்தைக் காட்டினார். நடுங்கும் எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நின்றுகொண்டு. அந்த எழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. உறையில். என் விலாசத்தில். நான் எழுத மறந்த விலாசத்தை அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார், கடிதத்திலிருந்து பார்த்துப் பார்த்து, ஆறு வரி.

அச்சுப் படத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உறைதான் குப்பைக்குப் போய்விட்டது.

2022 ஜனவரி 17

"தேடிப் பார்த்தீர்களா?" என்கிறார் ஒருவர். மூன்று வருடத்துக்கு முந்தைய குப்பையை எங்கே போய்த் தேடுவது!

2022 ஏப்ரல் 24

ஆட்டோபென் கேள்விக்கு: 1940-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் இயந்திரம். ஒரு அச்சு வடிவத்தைப் பின்பற்றி இயந்திரக் கை நிஜப் பேனாவால் எழுதும். மை நிஜம், கோடு நிஜம், எழுதும் மனிதர்தான் இல்லை. அழுத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்கும், தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் பேனா ஒரு கணம் நின்ற புள்ளி தெரியும். இரண்டு படத்தை ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அச்சு அசலாகப் பொருந்தினால் இரண்டுமே இயந்திரம். மனிதனால் தன் கையெழுத்தையே இரண்டு தடவை ஒரே மாதிரி போட முடியாது. வங்கி குமாஸ்தாவிடம் திட்டு வாங்கிய எல்லோருக்கும் இது தெரியும்.

சான்றிதழ் கேள்விக்கு: காகிதத்தில் "அசல்" என்று அச்சடிக்க ஒரு அச்சு இயந்திரம் போதும். 1990-களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் பிடித்த போலிக் கும்பல்கள் கையெழுத்தோடு சான்றிதழையும் சேர்த்தேதான் விற்றன. பெரும்பாலும் விளையாட்டு வீரர்கள், ஆனால் சினிமாவும் தப்பவில்லை. என் ஹார்லோவுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. தங்க முத்திரை, ஆயுள் உத்தரவாதம். விற்ற கடை மூன்றே வருடத்தில் மூடிவிட்டது. யாருடைய ஆயுள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

2022 ஆகஸ்ட் 13

மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் தன்னிடமுள்ள நடிகர் கிர்க் டக்ளஸ் கையெழுத்தை விற்கப் பார்க்கிறார். நிறுத்துங்கள். 1996-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கு அப்புறமும் 24 வருடம் இருந்தார், 2020-ல் 103 வயதில்தான் போனார். 1950-களின் மாதிரியை வைத்து 2005-ஐ அளந்தால் எப்படி? கேதரின் ஹெப்பர்னுக்குப் பிற்காலத்தில் கை நடுக்கம், எழுத்திலும் அது தெரியும். ஒரே மனிதரின் இருபது வயதுக் கையும் எண்பது வயதுக் கையும் இரண்டு ஆள்.

பெயரும் மாறும். கிரேஸ் கெல்லி 1956-ல் மொனாக்கோ இளவரசியானபின் 'கிரேஸ் டி மொனாக்கோ' என்று போட்டார். ஷெர்லி டெம்பிள் 1950-ல் மணந்தபின் 'ஷெர்லி டெம்பிள் பிளாக்'. சுருள்முடிக் குழந்தைப் படத்தில் 'பிளாக்' என்று இருந்தால் பதற வேண்டாம், பிற்காலத்தில் போட்டது, அசலாகவே இருக்கலாம். குழந்தைக் கிறுக்கலில் 'பிளாக்' இருந்தால் பதறலாம்.

சிலர் கூடவே ஏதாவது சேர்ப்பார்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தான் நடித்த ஒரு சினிமாவில் கூடவே வந்த கண்ணுக்குத் தெரியாத முயலை வரைந்து கொடுப்பார். 'ஓஸ்' படத்தில் சூனியக்காரியாக வந்த மார்கரெட் ஹாமில்டன் தன் பெயருக்குக் கீழே மூன்று டபிள்யூ போடுவார், மேற்குத் திசைப் பொல்லாத சூனியக்காரிக்கு ஆங்கிலச் சுருக்கம். அவர் 1985-லேயே இறந்துவிட்டார். என் தங்கை மகன் அதைப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு வெப்சைட் இருந்ததா?" என்று கேட்டான்.

2023 மார்ச் 3

இன்று ஹார்லோ பிறந்தநாள். 1911. அதனால் மறுபடி அந்தப் படத்துக்கு வருகிறேன். இரண்டு வருடமாக இங்கே எல்லோருக்கும் பாடம் நடத்திவிட்டு, ஒரு விஷயத்தைக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

ஹார்லோவின் இயற்பெயர் ஹார்லீன் கார்பென்டர். சினிமாவில் நடிக்கப் பெயர் பதிந்தபோது அவர் கொடுத்தது அம்மாவின் பெயரை. திருமணத்துக்கு முன்பு அம்மாவின் பெயர்தான் ஜீன் ஹார்லோ. சினிமாவில் நடிக்க ஆசைப்பட்டு 1923-ல் மகளைக் கூட்டிக்கொண்டு ஹாலிவுட் போனவரும் அம்மாதான். முப்பதைத் தாண்டிவிட்டீர்கள், வயது அதிகம் என்று அங்கே வாசல் திறக்கவில்லை. சில வருடம் கழித்து அதே பெயரில் மகள் உள்ளே போனாள்.

ஆக, என் சுவரில் இருப்பது என்ன? ஜீன் ஹார்லோ என்று பிறந்த பெண் தன் கையால் எழுதிய 'ஜீன் ஹார்லோ'. முகம் மட்டும் மகளுடையது.

செயலாளர் போட்டது என்று இதை ஒரே வகையில் அடைத்துவிட எனக்கு இனி மனசு வரவில்லை.

2023 மார்ச் 4

இது வார்த்தை ஜாலம் என்கிறார் எனக்கு "அம்மா போட்டது" என்று எழுதியவர். ரசிகை கேட்டது நடிகையின் கையெழுத்தை, கிடைத்தது வேறொருவருடையது, அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் என்னவாக இருந்தால் என்ன என்கிறார். சரிதான். விற்கும்போது "ஜீன் ஹார்லோ கையெழுத்து, அசல்" என்று போட்டால் அது மோசடியேதான், எவ்வளவு சாமர்த்தியமாக விளக்கினாலும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் 1930-களில் அந்த ரசிகைக்கு அது தெரியாது. எனக்கு முன்னால் எழுபது சொச்சம் வருடம் படத்தை மடிக்காமல், கிழிக்காமல், ஈரத் துணியால் துடைக்காமல் யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். நான் பாலியஸ்டர் உறை வாங்கவே ஆறு வருடம் ஆயிற்று.

2023 மார்ச் 19

ஒருவர் தனிச்செய்தியில் விலை கேட்டார். அம்மா போட்டதை மட்டுமே சேர்க்கிறாராம். ஏற்கெனவே பதினான்கு வைத்திருக்கிறாராம். இப்படியும் ஒரு ஜாதி இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். மகள் போட்டது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மாற்றிக்கொள்வேன்" என்றார், துளி யோசிக்காமல்.

கொடுக்கவில்லை. பழைய சான்றிதழைக் கிழித்துப் போட்டேன், தங்க முத்திரையோடு. ஃப்ரேமை ஜன்னல் இல்லாத சுவருக்கு மாற்றினேன். அப்புறம் படத்தின் பின்பக்கம், ஸ்டூடியோ முத்திரைக்குக் கீழே, எனக்குப் பின்னால் வருகிறவர் ஏமாறாமல் இருக்க ஒரு வரி எழுதினேன்: "கையெழுத்து ஜீன் ஹார்லோவின் அம்மா, அவர் பெயரும் ஜீன் ஹார்லோ."

2023 மார்ச் 19, சற்று நேரம் கழித்து

பென்சிலால்தான். மெத்தென்ற பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். திருப்பியும் பார்த்துவிட்டேன், கன்னம் சுத்தமாக இருக்கிறது.